கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்தவருக்கு இடம் விடுங்கள்

தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த கிளை, வட்ட, ஒன்றிய, நகர, மாவட்டச் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

கட்சி பிரிக்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பேச வரும் விஷயத்தில் உங்களுக்குள் வேறுபாடு கிடையாது. வேட்டியின் கரை மாறுகிறது, கண்ணீர் அஞ்சலி பேனர் மாறுவதில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிடுகிறது. ஃப்ரீசர் பெட்டி வருவதற்கு முன்பே பேனர் வந்து சேர்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேலே தலைவர்கள் வட்டம் வட்டமாக வரிசையில் இருப்பார்கள். ஒரு பக்கம் மாவட்டம், இன்னொரு பக்கம் ஒன்றியம். கீழே கைகூப்பிய கிளை நிர்வாகிகள், அவரவர் பொறுப்போடும் செல்பேசி எண்ணோடும். நடுவில் நீல வானம், வெள்ளை மேகம், எரிகிற விளக்கு ஒன்று, பறக்கிற புறா ஒன்று. இத்தனைக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் இறந்தவர் இருப்பார். அவர் படத்தை ஆதார் அட்டையிலிருந்தோ யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டி எடுத்திருப்பார்கள். ஆல்பத்திலிருந்து எடுத்த படமென்றால், பக்கத்தில் நின்றவரின் விரல் நுனிகள் இறந்தவரின் தோளில் அப்படியே மிச்சமிருக்கும். அவசரத்தில் அதை யாரும் அழிப்பதில்லை.

அந்த இடத்தை இறந்தவருக்கே விட்டுக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பேனர் என்றதும் போக்குவரத்து, விபத்து, நீதிமன்றம் என்றுதான் பேச்சு போகும். அது நியாயமான பேச்சுதான். 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனர்களில் போடக்கூடாது என்று உத்தரவிட்டார். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று சரிந்து விழுந்து, வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அதன்பின் சில மாதங்கள் தெருக்கள் பேனர் இல்லாமல் கிடந்தன, பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சட்டத்தின் வழியாக உங்களிடம் இதைக் கேட்டவர்கள் பலர். நான் வேறு வழியாக வருகிறேன். சாவைப் பற்றிய கலை என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. உலகத்தில் மிகச் சிலரிடமே அவ்வளவு பழைய, அவ்வளவு நல்ல கலை இருக்கிறது. அதை உங்கள் முகங்கள் மறைக்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் பகுதி மதுரைக்குத் தெற்கே இருக்கிறது. வாடகை சைக்கிள் காலத்திலிருந்து வேப்பமரத்தடியில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. பஞ்சர் பார்க்கும்போது டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அழுத்தி, குமிழி கிளம்பும் இடத்தைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு, "இந்தா இருக்கான் பாரு கள்ளப்பய" என்பார். பள்ளிப் பிள்ளைகளிடம் காற்றடிக்கக் காசு வாங்கியதே இல்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கடையைப் பேரனிடம் விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். அங்கே புறாக்கள். கர்ணப் புறா வானத்தில் குட்டிக்கரணம் போட்டு இறங்கும்போது அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அந்த அரைமணி நேரத்தில் அவரைக் கூப்பிட்டால் காது கேட்காது. பெரியம்மா கீழேயிருந்து காபி ஆறுகிறது என்று கத்திக்கொண்டே இருப்பார்.

சின்ன வயதிலிருந்து ஒரு கட்சியில் இருந்தார். கொடி பிடித்தார், மாநாட்டுத் திடல்களில் துண்டை விரித்துப் படுத்தார், சுவர் விளம்பரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒரு பொறுப்பும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை.

போன வருஷம் மாசியில் அவர் இறந்தபோது தெருவில் மூன்று பேனர்கள் ஏறின. அவர் கட்சியின் பேனர் ஒன்று, அதே கட்சியின் இன்னொரு கோஷ்டியின் பேனர் ஒன்று, எதிர்க்கட்சியின் பேனர் ஒன்று. பெரியம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுல அவரு எங்கய்யா?" என்று கேட்டார். பேரன் விரலை நீட்டிக் காட்டினான். அன்று ராத்திரியே ஒரு பேனர் இறக்கப்பட்டு, மறுநாள் விடிவதற்குள் வேறு பேனர் ஏறியது. நிர்வாகி ஒருவரின் படம் இன்னொருவரின் படத்தைவிடச் சின்னதாகிவிட்டதாம். உள்ளே பெரியப்பா பெட்டியில் கிடக்கும்போது வெளியே நடந்த சண்டை அது.

மூன்று பேனரிலும் ஒரு வெள்ளைப் புறா பறந்துகொண்டிருந்தது. டிசைனோடு வரும் புறா அது. மாடியில் இரண்டு நாளாகத் தீனி இல்லாமல் தவித்த புறாக்களைப் பற்றி பேனர் வைத்த யாருக்கும் தெரியாது.

மதியம் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு கிழவி வந்தார். பெரியப்பாவுக்குத் தங்கச்சி முறை. பந்தலுக்குள் நுழையும்போதே முடியை அவிழ்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த பெண்களின் தோளில் கை போட்டுக்கொண்டு குரலெடுத்தார்.

"காத்தடிக்கக் காசு கேக்காத எங்கண்ணே - ஒன்
மூச்சுக் காத்த மட்டும் யாருக்கு நீ குடுத்துப் போன?"

அதுவரை செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள்கூட எழுந்து போய்ச் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வரியை அந்தக் கிழவி எங்கும் எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை. பேருந்தில் வரும் வழியில் மனதில் கட்டியிருக்கலாம், அந்த நொடியிலேயே வாயில் வந்திருக்கலாம். நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஒப்பாரியை வேறு எந்த வீட்டிலும் பாட முடியாது. அது பெரியப்பாவுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் பேனரையோ, பெயரையும் படத்தையும் மாற்றினால் எந்த வீட்டு வாசலிலும் கட்டலாம். ஃப்ளெக்ஸ் கடையில் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் படங்களெல்லாம் ஒரே கோப்பில் நிரந்தரமாக இருக்கின்றன. இறந்தவர் மட்டும்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். ஃப்ளெக்ஸ் கடைப் பையன்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தட்டி எழுப்பி, காலை ஐந்து மணிக்கு வேண்டும் என்று கேட்டால் அவர்களால் வேறென்ன செய்ய முடியும்?

ஒருவர் இறந்ததும் அவரைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? எவ்வளவு சம்பாதித்தார், என்ன பொறுப்பில் இருந்தார் என்பதை நம் முன்னோர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசனுக்கே அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கிறது. உங்கள் மொழியில் சொன்னால், ஒரு தலைவரின் மறைவுக்கு அவரோடு நெருங்கிப் பழகியவர் செலுத்திய அஞ்சலி. ஔவையார் எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? கள்ளிலிருந்து. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்கிறார். சோறு கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் பலரோடு பகிர்ந்தே உண்பான் என்கிறார். பிறகு ஒரு வரி வருகிறது. நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். ஒரு மன்னனின் சாவுக்கு நினைவுகூரப்படுவது, அவன் கையில் இருந்த வாசனையும் பாணர் குடியில் வந்த பெண்ணின் தலையில் இருந்த வாடையும்! அவன் போர்க்களங்களைப் பற்றி ஔவையார் வேறு பாட்டுகளில் நிறையச் சொல்லியிருக்கிறார். சாவு வந்து நின்றபோது அவருக்கு முதலில் நினைவில் வந்தது சேர்ந்து உட்கார்ந்த பொழுதுகள்.

இன்னொரு பாட்டில், 232இல், அதியமானுக்கு நடுகல் நட்டாகிவிட்டது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலயத்தில் ஊற்றுகிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலயத்தை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார் ஔவையார். இந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் பதினாறாம் நாள் படையல் நினைவுக்கு வரும். அன்றைக்குத் தலைவாழை இலையில் சோறு, கறிக்குழம்பு, முட்டை, அதிரசம், அரைக்கட்டு பீடி, மேலே ஆடை படிந்த ஒரு டம்ளர் காபி எல்லாம் இருந்தன. "ஆத்தாதீக, அவருக்கு ஆடையோட இருந்தாத்தான் புடிக்கும்" என்றார் பெரியம்மா. இலை ஓரத்தில் ஒரு கைப்பிடி கம்பு இருந்தது. அது புறாவுக்கு. எந்த ஐயரும் எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுத்த சடங்கில்லை அது. ஒரு மனுஷன் எதில் சந்தோஷமாக இருந்தான் என்பதை ஓர் இலைக்குள் அடுக்கி வைக்கும் வேலை. இதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய கலை.

நடுகற்களும் இந்தக் குணம் கொண்டவைதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் பெயரோடு எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நம்மிடம் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லை நட்டவர்கள், அதற்குச் செலவு செய்தவர்கள் தங்கள் உருவத்தைச் சேவலுக்கு மேலே வரிசையாகச் செதுக்கி வைக்கவில்லை.

தொலைதூரத்து உதாரணம் ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. எகிப்தில் ஃபையூம் வட்டாரத்தில், ரோமானியர் ஆட்சிக் காலத்தில், இறந்தவரின் முகத்தைப் பலகையில் மெழுகு வண்ணத்தில் வரைந்து, பாடம் செய்த உடலின் முகத்துக்கு மேல் வைத்துக் கட்டினார்கள். படத்துக்கு ஒரு முகம்தான். காதில் என்ன தோடு, கழுத்தில் என்ன மாலை, முடியை எப்படிச் சுருட்டியிருந்தார் என்பதுவரை தெரியும். கண்கள் நேராக நம்மைப் பார்க்கும். நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஸ்டுடியோக்காரரைச் சாவு வீட்டுக்கு வரவழைத்து, இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பத்தோடு படம் எடுத்தார்கள். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, சீரியல் பல்பு சுற்றிய அந்தப் படங்களுக்கு முன்னால் நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். அதிலும் நடுவில் இருப்பவர் இறந்தவர்தான்.

உங்கள் இயக்கங்களுக்கு இது தெரியாத கலை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய். அண்ணாவின் நினைவிடத்தில் "எதையும் தாங்கும் இதயம் இங்கே உறங்குகிறது" என்று பொறித்தவர்களுக்கு ஒரு வரியின் பலம் தெரிந்திருந்தது. 2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதியின் பேழையில் "ஓய்வெடுக்காமல் உழைத்தவன் இதோ ஓய்வு கொண்டிருக்கிறான்" என்ற வரி இருந்தது. அவரைப் பிடிக்காதவர்களும் அன்று அதைப் படித்துவிட்டுப் பேசாமல் நின்றார்கள். எம்.ஜி.ஆர். சமாதியில் இன்றும் கல்லில் காதை வைத்துக் கேட்கிறார்கள், உள்ளே அவர் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும் என்ற நம்பிக்கையில். ஆராய்ச்சி பேசி அதைத் தள்ளிவிடாதீர்கள். அவ்வளவு பெரிய தலைவரின் சமாதியில் மக்கள் காது கொடுத்துக் கேட்க விரும்பியது மேடைப் பேச்சை அல்ல, ஒரு மனுஷன் தினமும் கட்டிக்கொண்டிருந்த கடிகாரத்தை. வெளியூர்ப் பேருந்தில் வந்து இறங்கி, வரிசையில் நின்று, குனிந்து காதை வைக்கும் அந்த அம்மாள்களுக்கு ஔவையார் பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்வதும் அதையேதான்.

தலைவருக்கு உரிமையாகக் கிடைக்கும் ஒரு வரி, ஓர் இடம், ஒரு முகம், கொடி பிடித்த பெரியப்பாவுக்குக் கிடைக்காமல் போனது ஏன்? அவரைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் கொடி பிடித்தவரின் மாடியில் என்ன இருந்தது என்று கட்சிக்குத் தெரியவில்லை. இங்கேதான் என் வருத்தம் பேனரைத் தாண்டிப் போகிறது.

மக்களின் தேவை என்ன என்று நீங்கள் விசாரிக்கிறீர்கள். தண்ணீர், ரோடு, பட்டா, உதவித்தொகை, ரேஷன் என்று பட்டியல் எடுக்கிறீர்கள். அதற்காக அலைந்து வேலை செய்யும் கிளைச் செயலாளர்களை நான் அறிவேன், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒருவர் எதில் சந்தோஷப்படுகிறார் என்று நீங்கள் கேட்பதில்லை. மாடியில் புறா வளர்க்க ஒரு மாடி வேண்டும். சாயங்காலம் பிள்ளைகள் கபடி ஆட ஒரு பொட்டல் வேண்டும். கிழவிகள் உட்கார்ந்து வெற்றிலை போட ஒரு திண்ணையோ, திண்ணை இடிந்த தெருவில் ஒரு பெஞ்சோ, அதற்கு மேல் ஒரு மரமோ வேண்டும். எங்கள் தெருவில் ரோடு உயர்த்தியபோது வேப்பமரத்தின் தூரைச் சுற்றிச் சிமெண்டைப் போட்டு அடைத்தார்கள். மரம் இப்போது ஒரு பக்கம் காய்ந்து நிற்கிறது. ரோடு வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். மரத்துக்கு மூன்றடி விட்டிருக்கலாம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அன்றாடச் சந்தோஷங்கள் மனுவில் எழுதிக் கொடுக்க முடியாதவை. அவற்றை நேரில் வந்து பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. யார் பொறுப்பு என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும், அதை விசாரிப்பவர்கள் விசாரிக்கட்டும். எனக்குப் பொறுக்காதது, மறுநாளிலிருந்து நாம் பேசிய பேச்சு. பைத்தியக்காரக் கூட்டம் என்றோம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் போகச் சொன்னது என்றோம். இறந்தவர்களின் தாய்மார்கள் அதையெல்லாம் படித்திருப்பார்கள். அவர்கள் அங்கே போனது ஒரு சாயங்காலச் சந்தோஷத்துக்கு. பிடித்த முகத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், பிள்ளைக்கும் காட்ட வேண்டும். என் பெரியப்பா தலைமுறையும் இதற்காகத்தான் லாரியில் ஏறிப் போனது. மாநாட்டுக்குப் போய் வந்த கதையை அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். தலைவர் பேசியதில் ஒரு வார்த்தை அவருக்கு நினைவில்லை, திடலில் சாப்பிட்ட புளியோதரைப் பொட்டலம் நினைவிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் எல்லாக் கட்சிகளும் கூட்டம் நடத்துகின்றன. அதை மதித்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்போம், தண்ணீர் வைத்திருப்போம், போகவும் வரவும் வழி விட்டிருப்போம். இது எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் சொல்வதில்லை. மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வைக்காத கட்சி எதுவும் எனக்குத் தெரியாது.

சாவில் அரசியலே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சாவுக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய அரசியல் நிறைய இருக்கிறது, அதைச் செய்யுங்கள் என்கிறேன். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழியை நிலத்துக்காரர்கள் மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்த ஊர் ஒன்றுதான் அப்படி என்று உங்களில் யாரும் சொல்ல மாட்டீர்கள். எந்த ஊரில் எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது, யார் அடைத்தது, அவர் எந்தக் கட்சி, யார் சொன்னால் திறப்பார் என்பதெல்லாம் கலெக்டரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சாதி பார்க்காத பொது மயானம் உள்ள ஊர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக அரசு 2021இல் அறிவித்தது. உங்கள் ஒன்றியத்தில் அதற்குத் தகுதியான ஊர் எத்தனை என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். உடலைச் சுமந்துகொண்டு வயல் வரப்பில் சகதியில் வழுக்கி நடப்பவர்களின் ஊர் எல்லையில் ஆளுயரக் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்கிறதே, அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று ஒரு சாதியைக் கட்டாயப்படுத்திய ஊர்கள் உண்டு. அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் செய்தது மிகப் பெரிய அரசியல். அதே பறையைப் பெருமையாக மேடைக்குக் கொண்டுவந்த மதுரை மாவட்டக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உங்கள் மாநாட்டு ஊர்வலங்களிலும் இப்போது பறை முன்னால் போகிறது. நல்லது. சாவு வீட்டுக்கு வரும் கலைஞர்களுக்கும், ஒப்பாரி சொல்ல வரும் பெண்களுக்கும், மேடையில் தரும் அதே கூலியும் அதே நாற்காலியும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்துக் கிழவிக்கு அன்று பேருந்துக் காசு கொடுத்தது பெரியப்பாவின் பேரன். சிறுவாடாகச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

எங்கள் பகுதிச் செயலாளர் ஒருவரிடம் இதையெல்லாம் நேரில் பேசினேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா நான் வைக்கலன்னா அவன் வப்பான். வச்ச பேனரைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போடணும். போடலன்னா இவரு பீல்டுல இல்லைன்னு மேல சொல்லிருவாங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கிளையில் இருப்பவரால் தனியாக இதை நிறுத்த முடியாது. பொறுப்பு போய்விடும் என்ற பயம் அவருக்கு. ஆகவே இந்த மடலின் கடைசிப் பகுதி மாவட்டச் செயலாளர்களுக்கு.

ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தொண்டர்களோ பொதுமக்களோ இறந்தால் கட்சியின் பெயரில் பேனர் வேண்டாம். குடும்பம் விரும்பினால் ஒரே ஒரு போஸ்டர், அதில் இறந்தவர் படம் மட்டும், வீட்டார் சொல்லும் ஒரு வரி மட்டும். "பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் காற்றடித்தவர், புறா வளர்த்தவர்" என்று இருந்தால் எங்கள் தெருவுக்குப் போதும். காரியம் முடிந்ததும் அதையும் கட்சிக்காரர்களே கழற்றிவிட வேண்டும். நிர்வாகிகள் வேலை செய்தார்களா என்று தெரிய வேண்டுமென்றால் பேனர் போட்டோவைக் கேட்காதீர்கள். பந்தலுக்கு நாற்காலி வந்ததா, இறப்புச் சான்றிதழுக்கு யார் கூட அலைந்தார்கள், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தது யார், மயானத்துக்குப் போகும் வழியில் விளக்கு எரிந்ததா என்று கேளுங்கள். தேர்தல் வந்தால் அஞ்சலி பேனர்கள் இன்னும் பெரிதாகும் என்பதால்தான் இப்போதே கேட்கிறேன். எந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளர் இதை முதலில் அனுப்புகிறாரோ, அந்தச் சுற்றறிக்கையின் நகலை எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். மாற்றுக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கும் கொண்டுபோவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மதுரைக்குத் தெற்கே, வேப்பமரத் தெருவாசி ஒருவர்